கோச்சி போன வழி: கம்பளையிலிருந்து தலைமன்னார் பியர் வரை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயற்குழு முதலில் எங்களிடம் கேட்டது சீனி வருத்தம் பற்றிய பேச்சு. பழைய மாணவி ஒருத்தி வைத்தியராக இருந்தால் அதிலிருந்து தப்ப முடியாது. தேநீர் இடைவேளையில் கேக் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எங்களைச் சீனியைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். இம்முறை ரயிலைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். தலைவி அக்கா ஆச்சரியப்பட்டார். ஆனால் எங்களுக்கு இந்த ரயில் கதை தொடங்கியதே சீனி கிளினிக்கில்தான்.

நீரிழிவு கிளினிக்கில் புதிதாக ஒருவர் வந்தால் நாங்கள் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, "உங்கள் கூடப் பிறந்தவர்களுக்குச் சீனி இருக்கிறதா?" என்பது. டவுனிலிருந்து வருபவர்கள் உடனே பதில் சொல்வார்கள். தோட்டங்களிலிருந்து வரும் வயதான அம்மாமார் பலர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியாதுங்க, அவங்கெல்லாம் கோச்சி ஏறிட்டாங்க" என்பார்கள். செத்துப்போய்விட்டார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. இந்தியாவுக்குப் போனார்கள் என்றும் சொல்வதில்லை. கோச்சி ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான். கிளினிக் அட்டையில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம். எத்தனை வருடமாக அப்படிக் கோடு போட்டிருக்கிறோம் என்று ஒருநாள் யோசித்தபோதுதான், அந்தக் கோச்சி போன வழியை ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றியது. எங்கள் வகுப்புக்காரிகள் ஆறு பேர் சேர்ந்து போனோம். இந்தப் பேச்சு அந்த ஆறு பேருடையது.

நாம் படித்த காலத்தில் கம்பளைக்காரிக்கு ரயில் என்றால் ஒரு பக்கம் நாவலப்பிட்டி, ஹட்டன், பதுளை. மறு பக்கம் பேராதனைச் சந்தி, கண்டி, கொழும்பு. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். நம் ஊரைக் கடந்து நாவலப்பிட்டி வரை பாதை போனது 1874இல். பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. கோப்பிக்காகப் போட்ட பாதை, கோப்பி நோய் பிடித்து அழிந்தபின் தேயிலைக்காக மேலே ஏறியது என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோம். தேயிலை கீழே இறங்கியது பற்றிப் பாடப்புத்தகத்தில் நிறைய இருந்தது. அதைப் பறிக்க மேலே ஏறிய மனிதர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பது ஒரு வரிதான்.

அந்த வழியின் வாசல் தலைமன்னார். எங்கள் வகுப்பு சாதாரண தரம் எழுதியது 1990களின் நடுவில். இலங்கைத் தேசப்படத்தில் புகையிரதப் பாதைகளைக் குறிக்கச் சொன்னால் மதவாச்சியிலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்துத் தலைமன்னார் என்று எழுதுவோம். முழுப்புள்ளி கிடைக்கும். அந்தக் காலத்தில் அங்கே ரயிலே இல்லை. 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியதோடு அந்தப் பாதை நின்றுபோய், தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயிருந்தன. இல்லாத ரயிலுக்குக் கோடு இழுத்துப் புள்ளி வாங்கிய தலைமுறை நாங்கள்.

பாதை எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1914க்கு முன் சென்னையிலிருந்து கொழும்புக்கு வருகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலேறி வருவார். 1914 பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதோடு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து 22 மைல் நீராவிக் கப்பல், தலைமன்னார் பாலத்துறையில் இறங்கினால் கொழும்புக்கு ரயில் என்று ஒரே டிக்கட்டில் பயணம் செய்ய முடிந்தது. இதுதான் போட் மெயில். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று மூன்று வைஸ்ராய்களின் பெயரில் மூன்று கப்பல்கள். மணல்திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போட்டு இரண்டு நாட்டையும் இணைக்கும் யோசனையும் அப்போது இருந்தது. செலவு அதிகம் என்று கைவிட்டார்கள். போட்டிருந்தாலும் ஒரு சிக்கல் இருந்திருக்கும். நம் பக்கம் ஐந்தரை அடி அகலப் பாதை, அந்தப் பக்கம் தென்னிந்திய ரயில்வேயின் மீற்றர் பாதை. எங்கேயாவது ஓரிடத்தில் இறங்கித்தான் ஏறவேண்டும்.

போட் மெயிலைப் பற்றி எழுதியிருப்பவர்கள் பெரும்பாலும் முதலாம் வகுப்பில் போனவர்கள். வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு மேசை, கப்பல் மேல்தளத்துக் காற்று, விடியற்காலைக் காட்சி எல்லாம் அவற்றில் வரும். படிக்க அழகாக இருக்கும். நம் ஊரைச் சுற்றியிருக்கும் மலைகளுக்கு வந்தவர்கள் அந்த மேசையில் உட்காரவில்லை.

அவர்கள் மண்டபம் கேம்பில் இருந்துவிட்டு வந்தார்கள். பாம்பனுக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய தடுப்பு முகாம் அது. வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இதைப்பற்றி இரண்டு மனம். ரயிலுக்கு முந்திய காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை 130 மைலுக்கு மேல் காட்டுவழியே நடந்து வந்தவர்கள் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். வாந்திபேதி கிருமி தண்ணீரில் பரவுவது. கூட்டமாக நடந்து, ஒரே குளத்தில் குடித்து, அதன் கரையிலேயே ஒதுங்கினால் அது யாரையும் விடாது. சில நாட்கள் ஓரிடத்தில் நிறுத்திவைத்து, நோய் வெளிப்படுகிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, பின்னாளில் கொக்கிப்புழுவுக்கு மருந்தும் கொடுத்து அனுப்பியது பல உயிர்களைக் காப்பாற்றியது. அதை மறுக்கமாட்டோம். ஆனால் முதலாம் வகுப்புக்காரருக்கு அந்தக் கேம்ப் இல்லை. கிருமி டிக்கட்டின் வகுப்பைப் பார்த்துத் தொற்றுவதாக எங்களுக்கு மருத்துவக் கல்லூரியில் யாரும் படிப்பிக்கவில்லை.

தகர டிக்கட் என்றும் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை. சின்னத் தகர வில்லையில் தோட்டத்தின் இலக்கம் பொறித்திருக்கும். அதை நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டால், எழுத்து வாசனை இல்லாதவரும் மாறிப்போகாமல் அந்தத் தோட்டத்துக்கே வந்துசேர்வார். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கு. பிறகு அது தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். பிரசவ வாட்டில் பிள்ளை மாறாமலிருக்க நாங்கள் கையில் இலக்கப் பட்டி கட்டுகிறோம். தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போகும்போது அதை வெட்டிவிடுவோம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைச் சொல்லத்தான் வேண்டும். சபையில் சொல்லக்கூடாத சொல்தான், ஆனால் இங்கிருக்கும் பலர் பஸ்ஸில், கடையில், ஒரு காலத்தில் காதால் கேட்டது. "கள்ளத்தோணி." அந்த மூன்று கப்பல்களும் அரசாங்க அனுமதியோடு ஓடின. வந்தவர்களின் பெயரைப் பதிந்தார்கள், அம்மை குத்தினார்கள், கேம்பில் எண்ணிப் பார்த்தார்கள், கழுத்தில் இலக்கம் கட்டினார்கள். இதற்குமேல் கள்ளமில்லாமல் ஒரு மனிதர் எப்படி ஒரு நாட்டுக்குள் வரமுடியும் என்று தெரியவில்லை.

1939இல் இந்திய அரசாங்கம் தோட்டவேலைக்கு ஆள் போவதைத் தடைசெய்தது. அதன் பின்னும் போக்குவரத்து நிற்கவில்லை. ராமேஸ்வரத்துக்கு நேர்த்தி, ஊரில் ஒரு கல்யாணம், வியாபாரிகளுக்குத் துணி என்று கம்பளையிலிருந்து ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். பொல்காவலையில் இறங்கித் தலைமன்னார் ரயிலுக்கு மாறவேண்டும். அங்கே பிள்ளைகளைத் தொலைத்துக் கண்டெடுத்த கதைகள் நம் வீடுகளில் பல உண்டு.

பிறகு 1964. அந்த ஒரே வருடத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 1948இல் குடியுரிமை இழந்து நாடற்றவர்களாக இருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் எடுப்பது என்று முடிவாயிற்று. மிச்சம் 150,000 பேரை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயலடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. ஏறியிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி ஸ்டேஷன், துறைமுகம், ஊர் எல்லாம் போயிற்று. நம் வடக்குக் கரையிலும் நிறைய உயிர்ச்சேதம். ஐந்து லட்சம் பேரை அனுப்ப முடிவெடுத்த கையோடு அவர்கள் போய் இறங்கவேண்டிய துறைமுகம் அழிந்துபோனது. அதற்காக யாரும் முடிவை மாற்றவில்லை. கப்பலை ராமேஸ்வரத்துக்குத் திருப்பினார்கள்.

அந்தக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோன ரயிலுக்கு மலையகத்தில் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் நம் கம்பளை ஸ்டேஷனிலும் அது நின்று கிளம்பும்போது மேடையில் அழுகைச் சத்தம் இஞ்சின் சத்தத்தை அமுக்கும் என்று எங்கள் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீட்டுக்கு இந்தியா, மறு வீட்டுக்கு இலங்கை. சில இடத்தில் ஒரே வீட்டில் அக்காவுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை. அவர்கள் போய் இறங்கியதும் முதலில் கொண்டுபோனது எங்கே தெரியுமா? மண்டபம் கேம்புக்கு. பாட்டி வந்தபோது இருந்த அதே மண்டபம். பின்னர் 1983க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்களுக்கும் அதே இடம். அங்கிருந்து கோத்தகிரி, கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மறுபடியும் கொழுந்துதான் கிள்ளினார்கள்.

இனி எங்கள் பயணம். கம்பளையில் அதிகாலை ஏறி, கடுகண்ணாவ இறக்கத்தில் எல்லோரும் ஒரே பக்க ஜன்னலுக்கு ஓடி, பொல்காவலையில் மாறினோம். நாற்பது தாண்டிய ஆறு பெண்கள், ஆளுக்கு இரண்டு பார்சல் சாப்பாடு. எங்களில் ஒருத்தி டீச்சர். பாட்டுக்குத் தலைமை அவள்தான், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டாள். அநுராதபுரம் தாண்டி மதவாச்சியில் வண்டி மேற்கே திரும்பியதும் பாட்டுத் தானாக அடங்கிவிட்டது. செட்டிகுளம், மடு ரோட், முருங்கன். நாங்கள் தேசப்படத்தில் இழுத்த கோடு இதுதான். மதவாச்சியிலிருந்து 106 கிலோமீற்றர். இந்திய உதவியோடு திரும்பப் போட்ட பாதை. மடு ரோட் வரை 2013இலும் தலைமன்னார் பியர் வரை 2015 மார்ச் 14ஆம் திகதியிலும் திறந்தார்கள்.

மாத்தோட்டம் தாண்டிக் கடலுக்கு மேலே வண்டி மெதுவாகப் போனபோது எங்கள் முஸ்லிம் தோழி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பெரியம்மா குடும்பம் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு தோணியில் கற்பிட்டிக்கு வந்தவர்கள். அவர்கள் கம்பளைக்கு வந்து இரண்டு மாதம் அவள் வீட்டில் இருந்தபோது நாங்கள் பழைய சீருடை கொண்டுபோய்க் கொடுத்தோம். அது எங்கே இருக்கிற ஊர், ஏன் வந்தார்கள் என்று அன்றைக்கு எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. தோட்டவெளி தாண்டும்போது அவள் கை நீட்டிக் காட்டினாள். பனைகள்தான் தெரிந்தன.

பியர் ஸ்டேஷனில் தண்டவாளம் முடிகிறது. அதற்கப்பால் கடலுக்குள் பழைய பாலத்துறையின் இரும்புக் கால்கள் துருவேறி நிற்கின்றன. ஒரு காலத்தில் தண்டவாளம் அதன் மேலேயும் போய்க் கப்பலைத் தொட்டது. பக்கத்தில் வெளிச்சவீடு. காற்று சேலையை நிற்கவிடவில்லை. இரவில் ராமேஸ்வரம் டி.வி. கோபுர விளக்கு தெரியும் என்று வலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் ஐயா சொன்னார். பகலில் நீலம் மட்டும்தான்.

எங்கள் டீச்சர் தோழி அங்கேதான் தன் வீட்டுக் கதையை முழுவதாகச் சொன்னாள். பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுக்கு அதுவரை தெரியாத கதை. அவள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்து, தோட்டத்தில் பேர் வெட்டி, சாமான் விற்று, ட்றங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். 1984இல் கப்பல் நின்றது. இன்றைக்கு ஓடும் நாளைக்கு ஓடும் என்று அப்பா பெட்டியை அவிழ்க்கவிடவில்லை. அவள் முதலாம் வகுப்புக்கு வந்தது, கப்பல் வரும்வரை பிள்ளை சும்மா இருக்கவேண்டாமே என்றுதான். அப்படியே சாதாரண தரம் வரை வந்துவிட்டாள். பரீட்சைக்கு நாங்கள் எல்லோரும் தேசிய அடையாள அட்டையோடு போக, அவள் மட்டும் தபால் அடையாள அட்டையைக் கொண்டுவந்தாள். தொலைத்துவிட்டாள் என்று நினைத்தோம். உயர்தரம் நன்றாகச் செய்தும் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் ட்யூஷன் கொடுத்துக்கொண்டிருந்தாள். 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்த பிறகுதான் அவள் இந்த நாட்டுப் பிரஜை. "ஒரு கப்பல் ரிப்பேரா இல்லாம இருந்திருந்தா உங்களையெல்லாம் தெரிஞ்சே இருக்காதுடி" என்று சிரித்தாள். கப்பல் நின்றது ரிப்பேரால் இல்லை, சண்டையால். ஆனால் அவள் அப்பா வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் மீண்டும் ஓடியது. பாம்பனில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலமும் வந்துவிட்டது. தலைமன்னாருக்கும் கப்பல் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. வந்தால் ஆறு பேரும் ஏறுவோம்.

இப்போது சங்கத்திடம் எங்கள் கோரிக்கை. உலகத்தின் எந்த மூலையில் இந்த மலரைப் படித்தாலும், உங்கள் வீட்டு அலுமாரியில், ட்றங்குப் பெட்டியில், பாட்டியின் சுருக்குப் பையில் தேடிப் பாருங்கள். பழைய பாஸ்போட், கேம்புத் துண்டு, கப்பல் டிக்கட், கோத்தகிரியிலிருந்து வந்த கடுதாசி, தகர வில்லை, எதுவாக இருந்தாலும் ஒரு பிரதி எடுத்துப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். நூலகப் பொறுப்பாசிரியர் ஓர் அலுமாரி ஒதுக்கித் தந்திருக்கிறார். எழுதத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் போனில் அவர்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள். யார் யார், எந்த வருடம், எந்தத் தோட்டத்திலிருந்து கோச்சி ஏறினார்கள், எங்கே போனார்கள் என்று கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள். அவர்களின் இரத்த அழுத்தம் எங்களுக்குத் தெரியும்.

இது நடக்கக்கூடிய காரியம்தான். பயணம் போய் வந்த மாதமே எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில், கிளினிக்குக்கு வரும் ஓர் அம்மாவின் அக்கா பேரையும் தோட்டத்தின் பேரையும் அவருடைய அனுமதியோடு போட்டோம். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பழைய மாணவி அதைத் தன் உறவுக்காரர்களுக்கு அனுப்பினார். மூன்றாவது வாரம் கோத்தகிரியிலிருந்து ஒரு பேத்தி வீடியோவில் வந்தாள். அக்கா காலமாகி நாலு வருடம் ஆகிவிட்டதாம். தங்கை அழுது முடித்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்து, தானாகவே போனில் கேட்டார்: "அக்காவுக்குச் சீனி இருந்துச்சா, ஆயி?"

"இருந்துச்சு அப்பாயி. காலுல புண்ணு ஆறவே இல்ல."

அட்டையில் கோடு போட்டிருந்த இடத்தில் அதை எழுதிக்கொண்டு, அவருடைய காலையும் அன்றைக்கே சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தோம்.